காய்ச்சிய தண்ணீர்

தாராவி, பம்பாய்
1964 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரோசம்மா அக்காவுக்கு, தம்பி ஞானசீலன் எழுதுவது.

நாங்கள் அனைவரும் நலம் என்றுதான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். பயப்படாதே. கெட்டது ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த வார்த்தை இன்று கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மழை நிற்கவில்லை. தகரக் கூரையின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டு ரோடு வரை நடக்கிறேன். அங்கே ஒரு குழாயில் காலைக் கழுவிச் செருப்பை மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு நான் மாட்டுங்காவில் ஒரு லாரிக் கம்பெனியின் குமாஸ்தா. அதற்கு முன்னால் யார் என்று தெரியவில்லை. பாளையங்கோட்டையில் படித்த தத்துவம் இதுவரை எந்த லாரி பில்லிலும் வரவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். வயிற்றுப் பிள்ளையோடு மேரியையும் இழுத்துக்கொண்டு பிரசவத்துக்கு ஊருக்கு அத்தனை தூரம் ரயிலில் போக உன்னால் முடியாது, அவள் பள்ளிக்கூடமும் கெட்டுப்போகும் என்று அத்தான் அவளை இங்கேயே நிறுத்திக்கொண்டது சரிதானா என்று கேட்டிருக்கிறாய். சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் பள்ளிக்கூடம். மத்தியானம் நாங்கள் வேலையிலிருந்து வரும்வரை பக்கத்து வீட்டுப் பேராச்சி பார்த்துக்கொள்கிறாள். பேராச்சி முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டே தன் இரண்டு பிள்ளைகளையும் நம் மேரியையும் கண்ணால் மேய்க்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேரிக்கு வயிற்றுவலி திரும்ப வந்திருக்கிறது. தொப்புளைச் சுற்றி. வருகிறது, போகிறது. சோற்றைப் பாதியில் தள்ளிவிடுகிறாள். வெளிக்கும் சரியாகப் போவதில்லை. வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினாள். முன்பெல்லாம் யார்மேலும் கை நீட்ட மாட்டாளே, இப்போது பேராச்சியின் மகனை அடிக்கிறாள். அடித்துவிட்டு இவளே அழுகிறாள்.

எல்லோரும் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். ஊருத் தண்ணி குடிச்ச வயிறு தம்பி, இந்தப் பைப்புத் தண்ணிய அது சேத்துக்கிடாது என்கிறாள் பேராச்சி. நீயும் அதைத்தான் எழுதியிருக்கிறாய். போன வருஷம் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது வலி எங்கே போனதென்று தெரியவில்லை, கன்னம் வைத்தது, திரும்பி இங்கே வந்து தாராவித் தண்ணீர் வயிற்றில் இறங்கியதும் பழையபடி ஆகிவிட்டது, அதனால் காய்ச்சிக் கொடு என்று.

காய்ச்சித்தான் கொடுக்கிறோம். காலையும் சாயங்காலமும், பெரிய பானை நிறைய. அத்தானே நின்று காய்ச்சுகிறார். சந்து முழுவதும் கரி நனைந்து கிடக்கிறது, மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்கிறது, நம் வீட்டு அடுப்பு மட்டும் சொன்னவுடன் பிடித்துக்கொள்கிறது. காரணம் உனக்குத் தெரியும். அந்தப் பலகைதான். நீ இருந்தபோது கதவுக்குப் பின்னால் ஒரு கட்டு இருந்தது. இப்போது கட்டிலுக்கு அடியில் இடமே இல்லை. அத்தான் வேலை பார்க்கும் குர்லாப் பட்டறைக்குப் பழைய லாரி பேட்டரிகள் இந்த மழையிலும் வந்துகொண்டே இருக்கின்றன. உடைத்து, ஈயத் தகடுகளை உருக்கப் போட்டுவிட்டு, தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய மரப் பலகையை உலை ஓரத்தில் காயவைத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு வருகிறார். கொஞ்சம் புளிப்பு வாடை அடிக்கும். ஆனால் தீ என்றால் தீ.

வீட்டுக்கு வீடு கொடுக்கிறார். மழ பெய்யட்டும், நம்ம வரிசைல ஒரு வீட்டுலயும் அடுப்பு அணையாதுலே என்கிறார். கதவைத் தட்டி ஒரு கை பலகை கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், நீ. பேராச்சி விடுவாளா. அண்ணாச்சி செத்தா நேரா மோட்சந்தான், நரகத்துக்கு அவரு எதுக்கு, நெருப்பத்தான் கூடவே கொண்டுக்கிட்டு அலையுதாரே என்றாள். அத்தான் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

விசிறுவது மேரியின் வேலை. யாரும் வைக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டது. அம்மா வரும்வரை அடுப்பு என் பொறுப்பு என்கிறாள். விசிறாதபோது பலகையை எடுத்து ரயில் விடுகிறாள். ஒரு பக்கம் வரி வரியாகப் பள்ளம் இருக்கிறதல்லவா, அதுதான் தண்டவாளமாம். குர்லா, சயான், மாட்டுங்கா, தாதர். தாதர் வந்ததும் உத்ரோ, உத்ரோ என்று எல்லோரையும் இறக்கிவிடுகிறாள். ஏனென்றால் தாதரில் இறங்கினால்தான் மதராஸ் மெயில். மதராஸ் மெயில் பிடித்தால்தான் நீ.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று யோசித்தேன். ஆபீஸில் எங்கள் ஹெட் கிளார்க் பஞ்சாபகேசன், மாட்டுங்காவில் குடியிருப்பவர். குழந்தைக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, அரை நாள் லீவு வேண்டும் என்று கேட்டேன். எங்காத்துக் குழந்தைகளும் இதே ஏரி ஜலத்தைத்தானேய்யா குடிக்கறதுகள், கல்லைத் தின்னாலும் கரைக்கறதுகளே என்றார். லீவு கொடுத்துவிட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அன்று முதல் இருப்புக் கொள்ளவில்லை.

அதே ஏரி. அதே குழாய். அங்கே காய்ச்சுவதுகூட இல்லை.

அத்தானிடம் சொன்னேன். அவுஹ வயிறு வேற, நம்ம வயிறு வேறலே என்றார்.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. மேரி வாசலில் நின்று உனக்கு என்ன எழுதுகிறேன் என்று கேட்கிறாள். உன்னைப் பற்றித்தான் என்றேன். நல்லதா கெட்டதா என்றாள். நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். நடந்துகொண்டிரு. அம்மாவுக்கு என் அன்பு. தண்ணீரை விடாமல் காய்ச்சுகிறோம்.

உன் தம்பி,
ஞானசீலன்


*


தாராவி, பம்பாய்
1964 ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள மனைவி ரோசம்மாவுக்கு மரியசூசை சொல்ல, ஞானசீலன் எழுதுவது.

ஆண் பிள்ளை பிறந்த தந்தி வந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்பதில் மிகவும் சந்தோஷம். மாதா காத்தாள். சந்தில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தோம்.

மேரிக்குச் சளியும் காய்ச்சலும் இருந்தது. மருந்து கொடுக்கிறோம். வேறு ஒன்றுமில்லை.

ஞானஸ்நானத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். பெயர் உன் இஷ்டம். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதைக்குப் புறப்பட வேண்டாம். எப்போது என்று நான் எழுதுகிறேன். அதுவரை அங்கேயே இரு.

தண்ணீர் விஷயமாக இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு
மரியசூசை


*


மாட்டுங்கா
1964 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீயே வாசி. யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. உட்கார்ந்துகொண்டு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வாசி.

கடைசியை முதலில் சொல்லிவிடுகிறேன். மேரி இருக்கிறாள். நடக்கிறாள். இந்த மாதக் கடைசியில் நான் அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இனி மற்றதை வாசி.

போன கடிதம் அத்தான் சொல்லச் சொல்ல எழுதியது. பச்சை உடம்புக்காரிலே, பாலு வத்திப்போவும், சளின்னு எழுது என்றார். எழுதினேன். அப்போது மேரி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள்.

உன் தந்தி வருவதற்கு முந்தைய வாரம். காலை. அத்தான் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பட்டறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மேரி விசிறிக்கொண்டிருந்தாள். விசிறியபடியே பக்கவாட்டில் சாய்ந்தாள். விழுந்த பிறகும் அந்தக் கை விசிறிக்கொண்டே இருந்தது. அடுப்பே இல்லாத பக்கத்தில். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். வாயில் நுரை வந்த பிறகுதான் அத்தான் கத்தினார்.

பேராச்சி ஓடி வந்து இரும்புச் சாவியைக் கையில் திணித்தாள். கை மூடவில்லை. அத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஓடினார். நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். யாருக்குப் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்று பேரும் நனைந்திருந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரி. மராட்டிப் பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். வலிப்பு நின்ற பிறகு மேரியின் கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தாள். ஈறு ஓரத்தில் ஒரு கோடு. கருநீலம். பென்சிலால் இழுத்த மாதிரி. பஞ்சால் தேய்த்தாள். போகவில்லை. எதைக் கொண்டு பல் தேய்க்கிறாள் என்று இந்தியில் கேட்டாள். சாம்பல் என்றேன். என்ன சாம்பல் என்றாள். அடுப்புச் சாம்பல்தான், நாங்கள் பாத்திரம் தேய்ப்பதும் அதில்தான் என்றேன். அடுப்பில் என்ன எரிக்கிறீர்கள் என்றாள்.

நான் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தாள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். கையை நீட்டச் சொன்னாள். நீட்டினார். விரல்கள் ஆடின. குளிரென்று நினைத்தேன். பிறகு அவர் உதட்டையும் இழுத்தாள். அங்கேயும் அதே கோடு, இன்னும் தடிமனாக. உன் புருஷன், அத்தனை பெரிய ஆள், வாயைத் திறந்துகொண்டு பள்ளிக்கூடத்துப் பையன் போல நின்றார்.

என் வாயையும் பார்த்தாள். எனக்கு இல்லை. நான் பேஸ்ட் வாங்கித் தேய்க்கிறவன். மத்தியானம் உடுப்பி ஓட்டலில் சாப்பிடுகிறவன்.

அது ஈயம், அக்கா. பேட்டரிக்குள் வருஷக்கணக்காக ஈயத்தோடு ஒட்டிக் கிடந்த பலகை. எரித்தால் புகையில் வருகிறது. சாம்பலில் நிற்கிறது. விளையாடின கையோடு வாய்க்குப் போகிறது. அத்தானின் சட்டையிலும் தலைமயிரிலும் தூசியாகப் பட்டறையிலிருந்து தினம் வீட்டுக்கு வருகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளைச் சீக்கிரம் பிடிக்குமாம். ஊரில் அவள் தேறியதற்கு ஊர்த் தண்ணீர் காரணமில்லை. ஊரில் அந்த அடுப்பு இல்லை.

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் காய்ச்சினோம் என்று அவளிடம் சொன்னேன்.  பானி அச்சா ஹை என்றாள். தண்ணீர் நல்ல தண்ணீர்தான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஸ்டேஷனில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாலைந்து வண்டிகள் போய்விட்டன. வீட்டில் எழுத முடியாது, ஆபீஸில் முடியாது. பல வாரங்களாகவே ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நீ காய்ச்சச் சொன்னதில் தப்பில்லை. இதை நான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், பார். குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும், டாக்டரும் அதையே சொல்கிறாள். நீ சொன்னது தண்ணீரை. எரித்தது நாங்கள்.

அத்தான் முதலில் நம்பவில்லை. கலியாணத்துக்கு முன்னேருந்து ஈயத்தக் கையில புடிக்கேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே என்றார் வரும் வழியெல்லாம். ஒண்ணும் ஆவலியே, ஒண்ணும் ஆவலியே. சந்து முனையில் நின்றார். அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து எல்லாப் பலகையையும் இழுத்துச் சாக்கில் திணித்தார். சாக்கை எடுத்துக்கொண்டு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போனார். திருப்பிக் கேட்க.

மழைக்காலத்தில் விறகைத் திருப்பிக் கேட்டால் யார் கொடுப்பார்கள். மேரிக்கு வலிப்பு நின்றுவிட்டது என்று கேட்டதும் பேராச்சிக்குப் பழைய வாய் வந்துவிட்டது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். என்ன அண்ணாச்சி, பொண்டாட்டிக்கு நாள் நெருங்கிட்டுன்னதும் குடுத்தத வாங்கிக் கூட்டி வைக்கப் பாக்கியளோ, அப்பவே சொல்லியிருந்தா எண்ணி வச்சிருப்பம்லா என்றாள். சந்தே சிரித்தது. அத்தான் தன் கீழ் உதட்டைத் தானே இழுத்துக் காட்டினார். பிறகு அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னதைக் கையால் காட்டினார். அவள் அந்தக் குழந்தையின் உதட்டை இழுத்தாள்.

அவள் குழந்தைக்கும் இருந்தது, மெலிதாக.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவர் உதட்டைக் காட்டினார். ஒவ்வொரு வாசலிலும் தாய்மார் பிள்ளைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வாயைத் திறந்து பார்த்தார்கள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். பேராச்சி தன் வீட்டுப் பலகையையெல்லாம் மழையில் வீசி எறிந்தாள். முறுக்குச் சட்டியையும் எறிந்தாள். அவள் பிள்ளைகளையும் அதே டாக்டரிடம் காட்டினோம், மருந்து கொடுத்திருக்கிறாள், தேறிவிடும் என்றாள். பேராச்சி இப்போது எங்களோடு பேசுவதில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. மேரிக்கு மட்டும் தினம் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டாள். பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அத்தான் சாக்குகளைக் குர்லாவுக்கே திருப்பிக் கொண்டுபோனார். பட்டறை முதலாளி கரீம் பாட்சா நல்ல மனிதர்தான். எல்லாரும்தான வீட்டுக்குக் கொண்டுபோறாங்க மரியசூசை, உனக்கு மட்டும் யாரு என்னத்தைச் சொன்னது என்றாராம். எல்லோரும்தான். அது உண்மை. அத்தான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறோம். கிடைக்கும்வரை போகாமல் முடியாது.

மேரிக்குத் தினம் ஊசி போட்டார்கள். மெதுவாகக் கண் திறந்தாள். குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் குளித்து வேறு உடுப்பு மாற்றிக்கொள், கையை நன்றாகக் கழுவு என்று அத்தானிடம் டாக்டர் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் குளித்தார், மாற்றினார், கழுவினார். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது. ஆனால் தொடவில்லை. வார்டு வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். இப்போது வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் மேரி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்: மாமா, அப்பாவுக்குக் கை இல்லியா?

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ ஸ்டேஷனில் பார்த்து முகம் மாறிவிடக் கூடாது. அதற்காக.

வலது கை மணிக்கட்டில் தொங்குகிறது. பிடிக்கிறாள், தூக்க முடியவில்லை. எண்ணெய் தடவி நீவிக் கொடுத்தால் நாளாக ஆக வரும் என்கிறார்கள். இடது கையால் சாப்பிடுகிறாள். அதற்கு யாரும் அவளை அதட்டக் கூடாது. பேச்சு மெதுவாக இருக்கிறது. ஒரு வார்த்தைக்காக உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எடுத்துக் கொடுக்காதே, காத்திரு, பாதி நேரம் வந்துவிடுகிறது. புத்தி பழையபடி வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். தேகேங்கே என்றாள். பார்ப்போம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறேன்.

நேற்று அவளோடு தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து ரயில் விட்டேன். குர்லா என்றாள். சயான் என்றாள். ரொம்ப நேரம் கழித்து மாட்டுங்கா என்றாள். அதற்கு மேல் வண்டி போகவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளும் விடவில்லை. அடுத்த ஸ்டேஷன் எங்கேயோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. அத்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, தாதர் என்று. சத்தம் வரவில்லை.

இப்போது இந்தக் கடிதம் எழுதும் காரணத்துக்கு வருகிறேன். மேரியைக் கூட்டிக்கொண்டு வருகிறவன், இதையெல்லாம் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு லீவு இல்லை, அவளை விட்டுவிட்டு மறுநாளே திரும்ப வேண்டும், உனக்கு யோசிக்க நாள் வேண்டும்.

ஊரில் நம் தெருவுக்குப் பின்தெரு வெயிலுமுத்து இங்கே வந்து அதே பட்டறையில் சேர்ந்திருக்கிறான். நம் சந்துக்குப் பக்கத்திலேயே ரூம் பிடித்திருக்கிறான். அறுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு வரச் சொல்லிப் பெண்சாதி முப்பிடாதியம்மாளுக்கு எழுதிவிட்டான். என்னை ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். புதுப் பானை. கட்டிலுக்கு அடியில் பலகை, அழகாக அடுக்கி. பிள்ளைஹளுக்கு இந்த ஊருத் தண்ணி ஒத்துக்கிடாதுல்லா, காய்ச்சணும்லா என்றான். சந்தோஷமாகச் சொன்னான்.

நான் சொன்னேன். கேட்கவில்லை. அத்தான் போய் உதட்டை இழுத்துக் காட்டினார். வெத்தலக் கறை அண்ணாச்சி என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம், ஒங்க அக்காவே ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லியிருக்காஹளே, மேரிக்குத் தண்ணிதான் சேரலன்னு, நீரு என்னமோ புதுசாச் சொல்லுதீரு என்றான்.

அவன் இனி நாங்கள் சொல்லிக் கேட்க மாட்டான். முப்பிடாதியம்மாள் உன்னிடம் வருவாள். பம்பாய்க்குப் போகிறவர்கள் எல்லோரும் உன்னிடம்தானே வருகிறார்கள், என்ன கொண்டு போக, எந்த வண்டியில் ஏற என்று கேட்க. அப்போது மேரி உன் பக்கத்தில் நிற்பாள். அந்தக் கையை அவள் பார்ப்பாள். பிள்ளைக்கு என்னாச்சு என்பாள்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வது எளிது. கேட்டவுடன் நம்புவாள். யாரையும் குத்தாது. ஊரில் யாரும் உன் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்தவன் என்று கிணற்றடியில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முப்பிடாதியம்மாள் பெரிய பானையாக ஒன்று வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவாள்.

அத்தானைச் சொல்லாமல் இதை அவளுக்குச் சொல்ல ஏதாவது வழி உண்டா என்று எவ்வளவோ யோசித்தேன். யாருக்கோ நடந்தது போல, எங்கேயோ கேள்விப்பட்டது போல. நம்ப மாட்டாள். அவளும் அவள் புருஷனும் நேரில் அறிந்த ஆள் ஒருவர் வேண்டும். தன் கையால் கொண்டுவந்து, தன் கையால் எரித்து, தன் பிள்ளைக்கு ஆனது என்று. வேறு வழியில்லை.

இன்று காலை அத்தானிடம் சொன்னேன், உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவ எம்பேரச் சொல்ல யோசிப்பா, யோசிக்காண்டாம்னு எழுது என்றார்.

நீ அவர் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை, அக்கா. கலியாணப் பதிவில் சாமியார் கேட்டபோதுகூட என் பக்கம் திரும்பினாய், நான்தான் சொன்னேன். ரேஷன் கார்டுக்கும் நான்தான் சொன்னேன். மேரி சின்னப் பிள்ளையில், எங்கப்பா பேரு என்னம்மா என்று கேட்டபோது மாமாவைக் கேள் என்றாய்.

இந்த ஒரு தடவை நான் அங்கே இருக்க மாட்டேன்.

மேரியை என் கையிலிருந்து வாங்கும்போது அவளாக ஏதாவது சொல்லும்வரை பொறுத்திரு. தாதரில் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது, இது என்ன ஸ்டேஷன் என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கிறேன். முடிந்தால் அத்தானுக்கு ஒரு வரி எழுது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், பிள்ளையைத் தூக்கச் சொல்லி எழுது. நாங்கள் புறப்படுவதற்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

நீயும் சின்னவனும் நலமாக இருங்கள். இந்த வார்த்தை இன்று கைக்கு வருகிறது.

முப்பிடாதியம்மாள் வந்தால் உட்காரச் சொல். பேரைச் சொல்லி ஆரம்பி.

உன் தம்பி,
ஞானசீலன்